உள்பக்கம் திருப்பிய காப்பு

எஸ்தர் அக்காவின் அழைப்பு வந்தபோது நான் கிணற்று மேட்டில் மோட்டார் கொட்டகைக்குள் நின்றிருந்தேன். மும்முனை மின்சாரம் அப்போதுதான் வந்திருந்தது. சுவிட்சுக்குப் போன கையை எடுத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். சில வாரங்களாகவே அந்தப் பெயர் திரையில் வந்தால் எடுக்கப் பயம். அக்கா அழவில்லை. "அவரு போயிட்டாருப்பா. நீ வா" என்று மட்டும் சொன்னார். மோட்டாரைப் போடாமலே கிளம்பிவிட்டேன். வயல் ஒருநாள் காய்ந்தால் காயட்டும் என்றிருந்தது.

போனவர் அக்காவின் வீட்டுக்காரர், லைன் இன்ஸ்பெக்டர் தேவசகாயம். திருத்தணி மின்சார ஆபீசில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு 'எல்.ஐ. அண்ணன்'. சபையில் அவரைத் தெரிந்தவர்களுக்கு 'பேஸ் தேவசகாயம்'. பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நின்று அவர் எடுக்கும் அடிக்குரலுக்கு பெஞ்சு அதிரும் என்று சொல்வீர்கள். நான் கோதண்டம். அவரோடு கம்பம் கம்பமாக அலைந்து, அவர் ஓய்வு பெற்ற நாலைந்து வருஷத்தில் ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன். அவர் கிறிஸ்தவ சபை, நான் முருகன் மலை. அதைச் சொல்லி ஒருவரை ஒருவர் கிண்டல் செய்தே முப்பது வருஷம் ஓட்டினோம்.

அவர் எப்படிச் செத்தார் என்று ஊரில் மூன்று விதமாகப் பேச்சு. பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்து செத்தார் என்கிறார்கள் சிலர். மாரடைப்பு என்கிறார்கள் சிலர். மலைக்கு வேண்டிக்கொண்டு நிறைவேற்றாமல் விட்டார், அதான் என்று ஒரு கூட்டம் கிசுகிசுக்கிறது. மூன்றுமே பொய். உண்மை அதைவிடச் சின்னது, அதைவிடக் கொடியது. எஸ்தர் அக்கா சொல்லித்தான் இதை எழுதுகிறேன். படித்துவிட்டு முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளலாம்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் காப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மலைக்கு வேண்டிக்கொண்டால் இங்கே கையில் காப்பு ஏறும். சிலர் விரதம் முடிந்ததும் கழற்றுவார்கள், சிலருக்கு அது ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். பஜாரில் நிற்கிறவர்களின் மணிக்கட்டைப் பார்த்தால் எஃகு, செம்பு, வெள்ளி என்று ஏதாவது ஒன்று மின்னும். எங்கள் லைன்மேன்களும் அப்படித்தான். ஆடிக் கிருத்திகைக்கு மலைப்பாதை நெடுக விளக்குப் போடும் வேலை வரும்போது பாதிப் பேர் கையில் காப்போடு வந்து நிற்பார்கள். தேவசகாயம் அண்ணன் கம்பத்தடியில் ஒரு துணிப்பையை விரித்துப் பிடித்துக்கொள்வார்.

"கழட்டுப்பா."

"அண்ணே, வேண்டுதல்ணே. கழட்டக் கூடாதுண்ணே."

"முருகன் கோச்சிக்க மாட்டாரு. கரண்ட்டு கோச்சிக்கும். கழட்டு."

அதே பையில்தான் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து உருவிய ஃபியூஸ் கேரியர்களும் இருக்கும். அவை அவர் பையில் இருக்கும்வரை எவனாலும் லைனை உயிர்ப்பிக்க முடியாது. மேலே ஏறியவன் இறங்கி வந்து, தன் வாயால் "லைன் கிளியர்" என்று சொன்ன பிறகுதான் பை திறக்கும். அவசரம் என்று பெரிய அதிகாரி வந்து நின்றாலும் அதே கதைதான். "கேக்காம கை வெக்காதீங்க சார். மேல எவன் இருக்கிறான்னு உங்களுக்குத் தெரியுமா?" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். எங்கள் எல்லோருக்குமே அது மனப்பாடம்.

அவருக்கு அந்தப் பிடிவாதம் வரக் காரணம் இருந்தது. ஒருமுறை அவர் லீவில் இருந்த நாளில், வேலை முடிந்திருக்கும் என்று தானே நினைத்துக்கொண்டு ஒருவன் லைனைப் போட்டுவிட்டான். மேலே இருந்த பையன் எப்படியோ பிழைத்தான். ஆனால் அவன் மணிக்கட்டில் காப்பு இருந்த இடத்தில் சுற்றிலும் வெந்து, வட்டமாகத் தழும்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார். அதன்பிறகு காப்பு என்றாலே அவருக்கு ஆகாது. போதாக்குறைக்கு, அவருடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்தில் வேதத்துக்கு வந்தபோது முதல் வேலையாகக் கைக்காப்பை வெட்டி எறிந்தவராம். அந்த வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுஷன் கையில்தான் கடைசியில் ஒரு காப்பு ஏறியது.

ஓய்வுக்குப் பிறகு அவருக்கு பிராஸ்டேட்டில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். நல்லவேளையாக ஆரம்பத்திலேயே தெரிந்தது. சென்னையில் ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டார் என்று நாங்களெல்லாம் நிம்மதியாக இருந்தோம். ஆனால் அவர் பாடகர் குழுவில் நிற்பதை விட்டுவிட்டார். சபையில் கதவோரமாக உட்காருவதாகவும், ஆசீர்வாதம் சொல்வதற்குள் எழுந்து போய்விடுவதாகவும் கேள்விப்பட்டேன். வயசாகிறது, தொண்டை ஒத்துழைக்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தொண்டைக்கு ஒரு கேடும் இல்லை என்பது எனக்கு ரயிலில்தான் தெரிந்தது.

பென்ஷன் விஷயமாக இருவரும் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். நம் லோக்கல் ரயிலில் கழிவறை கிடையாது என்பது தெரியும்தானே. அரக்கோணம் தாண்டியதும் அவருக்கு இருமல் வந்தது. இரண்டு மூன்று முறை இருமினார். பிறகு ஆணி அடித்தது போல உட்கார்ந்துவிட்டார். அசையவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்து, குடிக்கப் போகிறவர் போலத் தூக்கி, தன் மடியிலேயே கவிழ்த்துக்கொண்டார்.

"சே, கை வழுக்கிடுச்சி" என்றார் எதிரில் இருந்தவர்களைப் பார்த்து.

மின்கம்பத்தின் உச்சியில் நின்று நூல் பிடித்தது போலக் கம்பி இழுத்தவரின் கை அது. வழுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் எதுவும் கேட்காமல் என் துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மடியில் விரித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "இருமுனா வருது. தும்முனா வருது. பாடுனா கொட்டுது கோதண்டம். ஆண்டவரைப் பாடிகினே எப்டி நனையறது?" அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு வருஷத்துக்கு மேல் பயிற்சி, மாத்திரை, பெரியவர்களுக்கான டயபர் என்று பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. பிறகுதான் சென்னை டாக்டர் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னார். அக்காவுக்கு ரயிலில் வந்தால் தலைசுற்றும் என்பதால் நான்தான் துணைக்குப் போனேன். டாக்டர் ஒரு மாதிரியை மேஜைமேல் வைத்துக் காட்டினார். சிறுநீர் வரும் குழாயைச் சுற்றி ஒரு சின்னப் பட்டை. அதற்குள் தண்ணீர் நிறைந்து குழாயை இறுக்கி மூடியிருக்கும். விதைப்பைக்குள் சுண்டுவிரல் நுனி போல ஒரு பம்ப். போக வேண்டும் என்று தோன்றும்போது அதைச் சில முறை அழுத்தினால் பட்டையில் இருக்கும் தண்ணீர் வயிற்றுக்குள் வைத்திருக்கும் பலூனுக்குப் போய்விடும், வழி திறக்கும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தானாகத் திரும்பி வந்து வழி மூடிக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது.

அண்ணன் அந்த மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய எல்.ஐ. திரும்ப வந்துவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"சார், இது மூடியிருக்கும்போது வேற யாராவது உள்ளாற டியூப் வுட்டா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் கேட்கிற கேள்வி இல்ல இது. நீங்க மயக்கமா இருக்கும்போது ஏதாவது ஆஸ்பத்திரியில சிறுநீருக்கு டியூப் போட வருவாங்க. அது சாதாரணமா எல்லாருக்கும் போடுறதுதான். ஆனா உங்களுக்கு, பம்ப்ல இருக்கிற பொத்தானை அழுத்தி, பட்டையைத் திறந்த நிலையில பூட்டி வெச்சிட்டுத்தான் போடணும். அது தெரியாம அழுத்திப் போட்டா உள்ள கிழிஞ்சிடும். கிருமி கருவியைப் பிடிச்சிக்கும். கருவியையே எடுக்க வேண்டி வரலாம். உங்க வயசுக்கும் சர்க்கரைக்கும் உயிருக்கே ஆபத்து."

"அதாவது, லைன் கிளியர் வாங்காம கை வெக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

டாக்டருக்குப் புரியவில்லை. நான் சிரித்தேன். 

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறும்வரை பட்டையைத் திறந்தபடி பூட்டி வைத்திருந்து, ஒன்றரை மாதம் கழித்துக் கருவியை இயக்கிவிட்டார்கள். அன்றைக்கு டாக்டர் ஒரு அட்டையைக் கொடுத்தார். அது பீரோவுக்குள் போனது. கூடவே ஒரு எஃகுக் காப்பையும் கொடுத்தார். நடுவில் கொக்கி போட்டு இணைத்த தகடு, அதில் ஆங்கிலத்தில் வெட்டிய எழுத்துகள். உள்ளே கருவி இருக்கிறது, கேட்காமல் டியூப் போடாதே என்பதுதான் அதன் சாரம். "அட்டையைக்கூட மறந்துடலாம். இதை மட்டும் எப்பவும் கழட்டாதீங்க" என்றார் டாக்டர். அண்ணன் அதை வாங்கவே தயங்கினார். தேளைப் பார்க்கிறவர் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஈஸ்டருக்கு அவர் மறுபடியும் பாடினார். எஸ்தர் அக்கா எனக்கு ஆள் அனுப்பி வரச் சொல்லியிருந்தார். நான் சபைக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். அவர் குரல் சுவரைத் தாண்டி வந்து நெஞ்சில் இடித்தது. வெளியே வந்து என்னைப் பார்த்ததும் நேரே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு டீ குடித்தார். அதற்கு முன் வெளியே வந்தால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷன். "ஊருக்கெல்லாம் கனெக்‌ஷன் குடுத்தேன். எனக்கே ஒரு ஸ்விட்ச் வெச்சிட்டாங்க பாரு" என்று சொல்லிக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன்.

முழுக்கைச் சட்டைக்குக் கீழே காப்பு தெரிந்தது. எழுத்தைக் காணோம். கட்டிங் பிளேயரால் கொக்கியைக் கழற்றி, தகட்டைத் திருப்பி, எழுத்து தோலோடு ஒட்டியிருக்கும்படி மாட்டியிருந்தார். வெளிப்பக்கம் வழவழவென்று மின்னியது. மலையடிவாரக் கடைகளில் தொங்கும் காப்புக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"அண்ணே, இன்னா இது? எழுத்து உள்ள இருக்குதே."

"இருக்கட்டும். கழட்டாதேன்னாரு, கழட்டல."

"யாரு படிப்பாங்க?"

"எவனும் படிக்கக் கூடாதுன்னுதான்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கம்பத்தில் 'அபாயம்' பலகையைத் திருப்பி மாட்டினால் நீங்கள் விடுவீர்களா என்று கேட்டேன். அவர் டீக்குச் சில்லறையை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

பேச்சு வராமல் இருக்குமா? வந்தது. தேவசகாயம் கேன்சர் வந்தபோது மலைக்கு வேண்டிக்கொண்டாராம், சத்தமில்லாமல் காப்புப் போட்டிருக்கிறாராம் என்று சபைக்குள் புகைய ஆரம்பித்தது. மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து பக்குவமாக விசாரித்தார். அண்ணன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேதபாடம் வாசிக்க அவரைக் கூப்பிடவில்லை. எஸ்தர் அக்கா பொறுக்க முடியாமல் என்னை வரச் சொன்னார். நான் போனபோது இருவருக்கும் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"தகட்டத் திருப்பிக் காட்டிட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். சாமிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லன்னு அவங்களே படிச்சிக்குவாங்க. நீயாச்சும் சொல்லுப்பா" என்றார் அக்கா.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தார். "முருகனுக்கு வேண்டிகினான்னு சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. நாலு நாள்ல மறந்துடுவாங்க. மூத்திரம் நிக்காதவன்னு ஒருத்தன் சொல்லிட்டா, நான் பாட எழுந்திருக்கும்போதெல்லாம் அத்தன கண்ணும் என் இடுப்புக்குக் கீழதான் இருக்கும். அது எனக்கு வேணாம்."

 கொள்ளுத்தாத்தா வெட்டி எறிந்த காப்பைத் தான் போட்டுக்கொண்டிருப்பதாக ஊர் நம்பினால் நம்பட்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். பெங்களூரிலிருக்கும் மகளிடம்கூட ஹெர்னியா ஆபரேஷன் என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆக, உண்மை தெரிந்தவர்கள் ஊரில் அவர், அக்கா, நான். அக்காவும் நானும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அவர் விழாமல் இருக்க வேண்டுமே என்று எனக்கு அடிக்கடி ஒரு பயம் வரும். கோடை மழைக்கு முன்னால் லைனில் ஒரு முனகல் கேட்குமே, அதுபோல அந்தப் பயம் ஓயாமல் உள்ளே இருந்துகொண்டே இருந்தது.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் எனக்கும் அதே பிராஸ்டேட் ஆபரேஷன் நடந்தது. எனக்கும் அதே நிலைமை வந்தது. முதலில் சொன்னது அவரிடம்தான். சிரிக்கவில்லை, உச்சுக்கொட்டவும் இல்லை. டயபரில் எந்த அளவு வாங்க வேண்டும், வெளியூர் போனால் எங்கே மாற்றலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "உனக்கும் அந்த ஸ்விட்ச் வெச்சிடலாம் கோதண்டம். நான் கூட வர்றேன்" என்றார். எனக்குக் கத்தி என்றால் பயம். இதோ அதோ என்று தள்ளிக்கொண்டே போனேன். என் வீட்டில் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது.

போன கோடையில் ஒருநாள் உச்சி வெயிலில் அவர் பஸ் ஸ்டாண்டில் விழுந்தார். எஸ்தர் அக்கா அன்றைக்கு அம்மையார்குப்பத்தில் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணன் காலையில் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியிருக்கிறார். சர்க்கரை இறங்கிவிட்டது. அவ்வளவுதான். வாயில் கொஞ்சம் சர்க்கரையைப் போட்டிருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷர்கள் யாரோ ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்திலிருந்த ஒரு நர்சிங் ஹோமுக்குப் போயிருக்கிறார்கள். அங்கே பார்த்த பஸ் ஸ்டாண்டுப் பூக்கடைக்காரர் எனக்குப் போன் செய்தார். நான் வயலிலிருந்து வண்டியை விரட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவர் மணிக்கட்டுதான் என் கண்முன் நின்றது.

வாசலிலேயே ஒரு நர்ஸ் பெண் என்னிடம் பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். ஆந்திராப் பக்கத்துப் பெண், தமிழில் தெலுங்கு வாடை அடித்தது. "மீரு சொந்தக்காரரா? இந்தாங்க, பெரியவரோடது. கண்ணாடி, வாட்சி. மலைக்காப்பு கூட இருக்குது, பத்திரமா வெச்சிக்கோங்க. ஊசி போடறதுக்கு இடைஞ்சலா இருந்துச்சி, கழட்டிட்டோம்."

"காப்ப யாரும் பார்க்கலையாம்மா?"

"பார்க்கறதுக்கு இன்னா சார் இருக்குது? இங்க வர்றவங்க எல்லார் கையிலயும்தான் இருக்குது. டெய்லி கழட்டிக்கினுதான் இருக்கிறோம்."

அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் உள்ளே ஓடினேன். அண்ணனுக்குக் கையில் டிரிப் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பை தொங்கியது. அதற்குள் இருந்தது சிவப்பாக இருந்தது. 

டியூட்டி டாக்டர் இளைஞர். "ஐயாவுக்கு டியூப் போறதுக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சி. பிராஸ்டேட் வீங்கியிருக்கும்போல" என்றார். அந்த உடம்பில் பிராஸ்டேட்டே கிடையாது. நான் கவருக்குள் கையை விட்டுக் காப்பை எடுத்து, தகட்டைத் திருப்பி அவரிடம் காட்டினேன். அவர் வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் கோபமெல்லாம் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்த மனுஷன் மேல்தான் இருந்தது. அவரை உலுக்கி எழுப்பிச் சண்டை போட வேண்டும் போலிருந்தது.

அக்கா வந்துசேர்ந்ததும் அன்று சாயங்காலமே ஆம்புலன்சில் சென்னைக்குக் கொண்டுபோனோம். பாதி வழியில் அவருக்கு நினைவு நன்றாகத் திரும்பிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு "எனக்கு ஒண்ணுமில்ல" என்றார். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசையாக இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. சென்னை டாக்டர் முன்பே எச்சரித்தது போலவே கிழிந்த இடத்தில் கிருமி புகுந்து கருவியைப் பிடித்திருந்தது. கருவியை எடுத்தார்கள். அதற்குள் கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. சிறுநீரகம் சோர்ந்தது. ஒருநாள் தேறுவார், மறுநாள் இறங்குவார். ஒவ்வொரு முறையும் முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் கீழே இறங்கினார்.

கடைசியாக நான் பார்த்தது ஒரு பிற்பகலில். குரல் அடியோடு போயிருந்தது. அந்த பேஸ் குரல் இருந்த இடத்தில் வெறும் காற்று வந்தது. நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அந்த நர்ஸ் பொண்ண யாரும் ஒண்ணும் சொல்லலியே?"

"இல்லண்ணே."

"சொல்லக் கூடாது. போர்ட்டத் திருப்பி மாட்டுனது நானு. கம்பத்துல ஏறுனவனுக்கு இன்னா தெரியும்?"

 கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு என் கையைத் தேடினார்.

"நீ அந்த ஆபரேஷனப் பண்ணிக்கோ. என்னப் பாத்து பயந்துகினு உக்காந்துடாதே. நான் அந்த ஈஸ்டர்ல பாடினேன் இல்ல? அதுக்கு முன்னால ரெண்டு வருஷம் பொணமாத்தான் கெடந்தேன். நல்ல சாமான்தான் அது. நான்தான் கெட்ட ஆளு. எழுத்த மட்டும் வெளிய வெச்சிக்கோ."

"ஆங், சரிண்ணே" என்றேன். 

கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் பலர் இருந்தீர்கள். பாடகர் குழு பாடியபோது அடிக்குரல் இல்லாமல் பாட்டு அந்தரத்தில் நின்றதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மண் போட்டுவிட்டு வரும்போது இரண்டு பேர் எனக்குப் பின்னால் நடந்தபடி காப்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் அவருடைய மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "மாமா, நைனாவுக்கு இன்னா ஆபரேஷன் பண்ணியிருந்தாங்க? ஹெர்னியான்னுதானே சொன்னீங்க எல்லாரும்? ஹெர்னியாவுக்கு யாராச்சும் சாவாங்களா?" என்று கேட்டாள். நான் எஸ்தர் அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வெளியே வந்தபோது அக்காவின் கையில் அந்தக் காப்பு இருந்தது. என் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"நீ வெச்சிக்கோப்பா. எல்லாருக்கும் எழுது. எதுல செத்தாருன்னு எழுது. ஒளிச்சி வெச்சதுக்குத்தான் அவரக் குடுத்தாச்சே, இன்னும் எதுக்கு ஒளிக்கணும்?"

போன வாரம் அதை எடுத்துக்கொண்டு பஜாரில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். சீர்வரிசைப் பாத்திரங்களில் பெயர் வெட்டும் ஆள் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். கடையில் கல்யாணத்துக்குப் பாத்திரம் எடுக்க வந்த கூட்டம். தகட்டின் ஒரு பக்கம் ஆங்கிலம் இருந்தது. மறுபக்கம், அண்ணன் ஊருக்குக் காட்டிய அந்த வழவழப்பான பக்கம், வெறுமையாக இருந்தது. அதில் வெட்ட வேண்டியதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதைச் சத்தமாகவே படித்தார்.

"உள்ளே கருவி இருக்கிறது. கேட்காமல் சிறுநீர் டியூப் போடாதே." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யாருக்கு சார் இது?"

கடையில் பேச்சு அடங்கியது. ஒரு அம்மாள் கையிலிருந்த குடத்தை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். எனக்குக் காது சூடேறியது. அந்த ஒரு நொடியில், அண்ணன் ஏன் தகட்டைத் திருப்பினார் என்பது எனக்கு முழுசாகப் புரிந்தது.

"எனக்குத்தான். மூத்திரம் நிக்கறதில்ல. ஆவணியில ஆபரேஷன்" என்றேன்.

அவர் எழுத்து வெட்டும் மெஷினின் சுவிட்சைப் போட்டார். கிர்ரென்ற சத்தத்தில் எழுத்து ஒவ்வொன்றாகத் தகட்டில் விழுந்தது. ஊதித் துடைத்துக் கொடுத்ததும், ஆவணி வரை பொறுக்காமல், அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

தேவசகாயம் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் காப்புதான். இப்போது இரண்டு பக்கமும் எழுத்து இருக்கிறது. எப்படித் திருப்பி மாட்டினாலும் ஏதோ ஒன்று வெளியே தெரியும். இந்த ஊரில் இதைப் பார்க்கிறவர்கள் கோதண்டம் மலைக்கு வேண்டிக்கொண்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைப்பீர்கள். அப்படி நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நான் எங்கேயாவது விழுந்து கிடந்தால், படித்துவிட்டுக் கை வையுங்கள்.